தனித் தட்டு

அந்தக் கரண்டியை மறுபடியும் அதில் போடாதீர்கள். ஐயோ, போட்டுவிட்டீர்கள். வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டி சார் அது. குழம்புக் கிண்ணத்தை நம் இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். சரி, விடுங்கள். எழுந்திருக்க வேண்டாம். வேறு மேசை காலி இல்லை, நானும் பார்த்துவிட்டுத்தான் இங்கே உட்கார்ந்தேன். அண்ணே, இந்தப் பக்கம் இன்னொரு கிண்ணம் மீன் குழம்பு. ஆமாம், எனக்கு மட்டும் தனியாக.

வரட்டும். வருகிற வரைக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்னைப் பெரிய சுத்தக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாக்கடை மேல் பலகை போட்டு ஈரல் வறுக்கிற கடையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவன் நான். ஈ உட்கார்ந்த அல்வாவை ஈயை விரட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அழுக்கு வேறு, எச்சில் வேறு. இந்த வித்தியாசம் தெரியாத ஒரு நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கேயே நான் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே விட்டுக்கொடுப்பேனா?

எத்தியோப்பியா. பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் கல்லூரியிலும் சிரித்தார்கள். சாப்பாட்டு ராமன் சாப்பாடு இல்லாத ஊருக்குப் போகிறான் என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் தட்டில்தான்.

என் பெயர் தவமணி. சொந்த ஊர் விருதுநகர். கெமிஸ்ட்ரி வாத்தியார். ஆனால் ஊரில் கேட்டுப் பாருங்கள், என்னை வாத்தியாராக யாருக்கும் தெரியாது. எந்தக் கடையில் எந்தக் கிழமை சுக்கா நன்றாக இருக்கும் என்று கேட்கவேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். கறிதோசைக்காக அறுபது கிலோமீட்டர் பைக்கில் போய்விட்டு, கல் காயவில்லை என்று சொன்னதால் சாப்பிடாமல் திரும்பி வந்தவன் நான். நாக்கு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

நாற்பத்தெட்டு வயதில் எங்கள் கல்லூரியில் ஆளைக் குறைத்தார்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை இருக்கிறது என்றார்கள். நம்மூர் வாத்தியார்கள் நிறையப் பேர் அங்கே போயிருக்கிறார்கள். போனேன். மலைமேல் ஒரு ஊர். நல்ல குளிர். தங்குவதற்கு ஒரு வீடு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். சாப்பாடும் அங்கேயே. வீட்டுக்காரம்மா பெயர் அல்மாஸ். அறுபத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. முற்றத்துக்கு ஒரு பக்கம் அவர் வீடு, இன்னொரு பக்கம் வரிசையாக மூன்று அறை. ஒன்று எனக்கு. பக்கத்து அறை தெமெக்கேக்கு. தெமெக்கே எங்கள் டிபார்ட்மெண்டில் லேப் டெக்னீஷியன். ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். வாயைத் திறந்தால் கிண்டல்தான். மூன்றாவது அறை காலி. அவ்வளவுதான் வீட்டில் ஆட்கள்.

முதல் நாள் மத்தியானம். அல்மாஸ் அம்மா கூஜாவும் பேசினும் கொண்டுவந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். அடடா, நம்மைவிடச் சுத்தமான ஜனங்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெரிய தட்டு வந்தது. தட்டு என்றால், இந்த மேசையில் முக்கால்வாசி இருக்கும். தட்டு முழுக்க இஞ்செரா விரித்திருந்தது. தோசை மாதிரிதான், ஆனால் நன்றாகப் புளித்து, உடம்பெல்லாம் பொத்தல் பொத்தலாக, ஈரத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும். அதன் மேலேயே அங்கங்கே குழம்பு, பருப்பு, கீரை, நடுவில் சிவப்பாகக் கோழி. இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது இரண்டு கை உள்ளே வந்தது.

ஒன்று தெமெக்கேயின் கை, இன்னொன்று அல்மாஸ் அம்மாவின் கை. இரண்டும் சாவகாசமாக இஞ்செராவைப் பிய்த்து, குழம்பைத் தொட்டு, வாய்க்குப் போய், மறுபடி தட்டுக்கு வந்தது. நான் என் கையை எடுத்துவிட்டேன்.

"எனக்கு ஒரு தட்டு குடுங்க" என்றேன்.

அல்மாஸ் அம்மா பதறிப்போய்விட்டார். "உடம்பு சரியில்லையா மெம்ஹிர்?" மெம்ஹிர் என்றால் வாத்தியார். கடைசி வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல ஆளுக்கு ஒரு தட்டு."

"எங்க வீட்ல தனித் தட்டு ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு, காய்ச்சல்ல கிடக்கிறவருக்கு. இன்னொண்ணு, எங்களோட சண்டை போட்டவருக்கு. நீங்க எது?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப சாப்பிடுங்க."

தெமெக்கே எனக்குப் பாடம் எடுத்தான். "இதோ பாருங்க மெம்ஹிர், விரல் உதட்டுல படவே இல்ல. இஞ்செரா மட்டும்தான் உள்ள போகுது. தவிர அவங்கவங்க முன்னாடி இருக்கிறதத்தான் எடுக்கணும். உங்க ஊருக்குள்ள நான் வரமாட்டேன்."

நன்றாகத்தான் சொன்னான். ஆனால் நான் பார்த்தேன் சார், பட்டது. நான்கு வாய்க்கு ஒரு தடவை பட்டது. எண்ணினேன்.

பசி. என்ன செய்வது? என் பக்கத்து இஞ்செராவின் ஓரத்தைச் சுருட்டி வரப்பு மாதிரி ஒரு கோடு எழுப்பிக்கொண்டேன். வரப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. அல்மாஸ் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நாப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்திருக்கேன், இந்த எல்லையை எந்தப் படத்துலயும் பார்த்ததில்லையே" என்றார். தெமெக்கே, "விசா வாங்கிட்டு வரலாமா மெம்ஹிர்?" என்றான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் அசையவில்லை. ஆனால் பருப்புத் தண்ணீர் வரப்பை மதிக்கவில்லை. ஊறிக்கொண்டு வந்துவிட்டது.

இதோ பாருங்கள், நியாயத்தைச் சொல்லவேண்டும். ருசியில் குறை சொல்ல மாட்டேன். இஞ்செரா முதலில் புளிக்கும். பத்து நாளில் நாக்கு அதைக் கேட்க ஆரம்பித்துவிடும். அந்தக் கோழிக் குழம்பு இருக்கிறதே, தோரோ வாட் என்பார்கள், இரண்டு கிலோ வெங்காயத்தை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மணிக்கணக்காக வதக்கி, அது கரைந்து சட்னி மாதிரி ஆன பிறகு மிளகாய்ப் பொடி, பிறகு நெய், அதற்கப்புறம்தான் கோழி. ஒரு கோழியைப் பன்னிரண்டு துண்டு போடவேண்டும். பதினொன்று ஆனால் அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்று அர்த்தம். கூடவே அவித்த முட்டை, குழம்பில் ஊறி உள்வரைக்கும் சிவந்திருக்கும். விருதுநகரில் எந்தக் கடைக்காரனுக்கும் அந்தக் கை கிடையாது. நானே சொல்கிறேன். ஆகவே எனக்கு ருசியோடு சண்டை இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழம்பு, ஆனால் என் தட்டில். இது ஒரு பெரிய ஆசையா? சொல்லுங்கள்.

ஒரு நாள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அல்மாஸ் அம்மா கேட்டார். "உங்க ஊர்ல ஆளுக்கு ஒரு தட்டுன்னு சொன்னீங்களே. உங்க மனைவி எந்தத் தட்டுல சாப்பிடுவாங்க?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். "நான் சாப்பிட்டு முடிச்ச தட்டுல."

"கழுவிட்டா?"

"கழுவ எதுக்கு? அதுலயே போட்டுக்குவா. எங்கம்மாவும் அப்படித்தான். அது ஒரு பிரியம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெமெக்கே தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "எதியே, இவங்க வீட்லயும் ஒரே தட்டுதான்!" எதியே என்றால் அக்கா. அந்த அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அது வேற" என்றேன்.

"என்ன வேற?"

"புருஷன் பொண்டாட்டி."

அல்மாஸ் அம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னார். "வேறதான். நாங்க சேர்ந்து உட்கார்ந்து சூடா சாப்பிடறோம். அவங்க காத்திருந்து ஆறினதைச் சாப்பிடறாங்க." பிறகு, "அவங்களுக்கு அது பிடிக்குமா?" என்று கேட்டார்.

கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா சார் அது? இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறது. பூகோள வாத்தியாருக்கு அடுத்தவர் வீட்டுக்குள் என்ன வேலை? நான் காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ராஜகனிக்குப் போன் செய்வேன். ராஜகனி என் மனைவி. வேறு யாரிடம் சொல்லி ஆறுவது? எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பேன். எச்சில், ராஜகனி, எச்சில், ஒருத்தன் வாய்க்குக் கொண்டுபோன கையால அள்ளினதுல நான் கை வைக்கணுமாம், மனுஷன் சாப்பிடுவானா என்பேன். அவள் 'ம்' கொட்டுவாள். அவள் அதிகம் பேசமாட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். அதற்கு மறுபடி ஆரம்பிப்பேன்.

ஒரு தடவை கேட்டாள். "அடுத்தவங்க கை வச்சதுல சாப்பிடுறது அம்புட்டுக் கஷ்டமாவா இருக்கு?"

"கஷ்டமா? உனக்கு என்ன தெரியும்? குமட்டும். தொண்டையில இறங்காது. பிச்சைக்காரன்கூடத் தனியாத்தான் வாங்கித் திம்பான்."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்த ஊரில் லைன் அடிக்கடி அறுந்துபோகும்.

குழம்பு வந்துவிட்டது. ம். புளி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, நீங்கள் அதைச் சாப்பிடுங்கள், இது என்னுடையது.

எங்கே விட்டேன்? ஆமாம், தட்டு. சந்தையில் போய் நானே ஒரு பீங்கான் தட்டு வாங்கிவந்தேன். நீலப் பூப் போட்டது. சாப்பாட்டு நேரத்தில் பெரிய தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அல்மாஸ் அம்மா குழம்புச் சட்டியோடு வந்தார். தெமெக்கே பக்கம் ஊற்றினார், தன் பக்கம் ஊற்றினார், பெரிய தட்டில் என் பக்கமும் ஊற்றினார். என் தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. நானும் கையை நீட்டவில்லை. மூன்று நாள், சார். மூன்று நாள் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்து எழுந்து போனேன். அறையில் வாழைப்பழமும் பன்னும். மூன்று நாளும் பெரிய தட்டில் என் பக்கம் இருந்ததை அவர்கள் தொடவில்லை. அப்படியே திரும்பிப் போகும். நாலாம் நாள் கிளாஸில் தலை சுற்றியது. வரப்புக்கே திரும்பி வந்தேன். அதைத் தோல்வி என்று சொல்லாதீர்கள். பின்வாங்கினேன், அவ்வளவுதான்.

பிறகு அவர்களுடைய கிறிஸ்துமஸ் வந்தது. அங்கே ஜனவரியில் வரும். அதற்கு முன்னால் நாற்பது நாளுக்கு மேல் விரதம். கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. கறிக்கடையே மூடிவிடுவார்கள். நானும் வேறு வழியில்லாமல் பருப்பும் கீரையுமாக விரதம் இருந்தேன். பண்டிகை அன்று காலையிலேயே தோரோ வாட். அக்கம்பக்கத்தார், எங்கள் டிபார்ட்மெண்ட் ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர்.

அங்கே ஒரு வழக்கம். குர்ஷா என்பார்கள். பிரியமான ஆளுக்கு இஞ்செராவில் கறியை வைத்து, பெரிதாகச் சுருட்டி, தன் கையாலேயே வாயில் ஊட்டிவிடுவார்கள். குழந்தைக்கு இல்லை சார், பெரியவர்களுக்கு. டீனுக்கு ஊட்டுவார்கள், போலீஸ்காரருக்கு ஊட்டுவார்கள். அல்மாஸ் அம்மா ஒரு குர்ஷா சுருட்டினார். கோழித் தொடை, பாதி முட்டை, மேலே குழம்பு. சுருட்டிக்கொண்டு எழுந்தார். எல்லோரையும் தாண்டி என்னிடம் வந்தார். என் வாய்க்கு நேரே நீட்டினார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கையை நீட்டி, "கையில குடுங்க" என்றேன்.

அவர் கையில் கொடுக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை. குழம்பு அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரைக்கும் போனது. அவர் அதைத் துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். பயந்தவனா நான்? பிறகு தெமெக்கே எழுந்து வந்து, குனிந்து, அந்தக் கையிலிருந்து அதைத் தன் வாயில் வாங்கிக்கொண்டான். "எனக்குத்தான்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே எதியே" என்றான் வாய் நிறைய வைத்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அல்மாஸ் அம்மா என் அறைக்கு வந்தார். கோபமாக இல்லை. கவலையாக இருந்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் மெம்ஹிர். என்மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

"இல்லவே இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நம்பறேன். அப்ப சண்டை இல்ல. அப்படின்னா உங்களுக்கு உடம்புதான் சரியில்ல. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமப் போச்சே." என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் என் அறைக்கே சாப்பாடு வந்தது. தனித் தட்டில். மேலே துணி மூடி, பக்கத்தில் கை கழுவத் தனி கூஜா. யார் ஜெயித்தது? நான்தான் ஜெயித்தேன். மூன்று மாதம் போராடி வாங்கிய தட்டு சார் அது. துணியை எடுத்தேன்.

பார்லிக் கஞ்சி.

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் போட்ட உருளைக்கிழங்குக் குழம்பு. மிளகாய் என்கிற பேச்சே இல்லை. உப்பும் அரை உப்பு. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"காரம் எங்க?" என்றேன்.

"நோயாளிக்குக் காரம் ஆகாது."

"நான் நோயாளி இல்ல."

"அப்ப அங்க வாங்க."

"வரமாட்டேன்."

"அப்ப இதைச் சாப்பிடுங்க. சீக்கிரம் குணமாகும்."

அந்த அம்மா மூன்று வேளையும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தார். கஞ்சி, மஞ்சள் குழம்பு, அவித்த கிழங்கு. ஒரு குறை சொல்ல முடியாது. சூடாக இருக்கும், சுத்தமாக இருக்கும், நேரத்துக்கு வரும். ஊட்டிவிடட்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. விஷயம் ஊரில் பரவிவிட்டது. இந்திய மெம்ஹிருக்கு ஏதோ பெரிய வியாதி, தனித் தட்டு போட்டுவிட்டார்கள் என்று. பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுப் பழம், ரொட்டி, காபிக்கொட்டை. டீன் வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "குடும்பத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது சார் என்றேன். நான் அப்படிச் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் வாடியது. மாணவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இதெல்லாம் அந்த அம்மாவின் வேலை. பூகோளமாம். ராஜதந்திரம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்.

தெமெக்கே சாயங்காலம் எட்டிப் பார்ப்பான். "கஞ்சி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"எதியே உங்களுக்காகக் கோவில்ல வேண்டிக்கிறாங்க. எனக்குக் கிண்டல் பண்ண ஆள் இல்லாமப் போச்சு மெம்ஹிர். எல்லை இல்லாம தட்டு வெறிச்சோடிக் கிடக்கு."

"போடா."

நான் விடவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். நடுவில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம், ஐம்பத்தைந்து நாள். அவர்களுக்கும் கறி இல்லை என்பதால் அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் பருப்புக்குக் காரம் இருந்தது. முற்றத்தைத் தாண்டி வாசனை வரும். பேச்சுச் சத்தம் வரும். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டேன். என்னைப் பற்றி இல்லை. ஏதோ கோவேறு கழுதையைப் பற்றி. என்னைப் பற்றிச் சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், வெங்காயம் வதங்க ஆரம்பித்தது. உங்களுக்கு எப்படிச் சொல்வது? நாக்குள்ளவர் என்றால் புரியும். எண்ணெய் இல்லாமல் வெங்காயம் வதங்கும்போது முதலில் ஒரு பச்சை நெடி, பிறகு ஒரு இனிப்பு, பிறகு சட்டி அடி லேசாகப் பிடிக்கிற வாசனை, உடனே ஒரு கை தண்ணீர் தெளிக்கிற சத்தம். பத்து மணிக்கு மிளகாய்ப் பொடி விழுந்தது. எனக்குத் தும்மல் வந்தது. மத்தியானம் நெய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு நூற்றுக்கு நூற்றிரண்டு போட்டிருக்கிறேன். பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கஞ்சி வரவில்லை. பண்டிகை, மறந்துவிட்டார்களோ, இல்லை வேண்டுமென்றேதானோ. முற்றத்தைத் தாண்டிப் போனேன். கஞ்சி வரவில்லை என்று சொல்லத்தான் போனேன். அதை நீங்கள் நம்பவேண்டும். உள்ளே இரண்டு பேரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தெமெக்கே தன் மோடாவைக் கொஞ்சம் நகர்த்தினான். அல்மாஸ் அம்மா கூஜாவை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றினால் கழுவவேண்டும் இல்லையா? கழுவினேன். கழுவின கையை என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

அந்த அம்மா குர்ஷா சுருட்டினார். நான் அப்போது கஞ்சி வராததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருக்கிற ஆளுக்கு வாய் திறந்துதானே இருக்கும்? உள்ளே போய்விட்டது.

கோழி, சார்.

அல்மாஸ் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தெமெக்கே பக்கம் திரும்பி, "காய்ச்சல் விட்டிருக்கு" என்றார்.

"எனக்குக் காய்ச்சலே கிடையாது" என்றேன்.

"ஆமா. இப்ப கிடையாது."

இதை அந்த அம்மாவின் வெற்றி என்று சொல்வீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. இல்லை சார். நான் போனது கோழிக்காக. எச்சில் பற்றி என் கொள்கை இம்மிகூட மாறவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டேன், அது வேறு. வரப்பு போடவில்லை, போட்டால் குழம்பு வீணாகிறது. குர்ஷா சுருட்டக்கூட எனக்கு நன்றாக வந்துவிட்டது. நுனியை உள்ளே மடிக்கவேண்டும், அப்போதுதான் சொட்டாது. தெமெக்கேக்குப் பெண் நிச்சயமான அன்று நான் ஊட்டினேன். நான் கிளம்புகிற அன்று அல்மாஸ் அம்மாவுக்கு ஊட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முழுங்கிவிட்டு, "உங்க மனைவிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

ராஜகனிக்கா? நான் ஊட்டினேனா என்று கேட்கிறீர்களா? என்ன சார் கேள்வி இது. வீட்டில் யாராவது அப்படிச் செய்வார்களா? அது வேறு.

ராஜகனியிடம் நான் இந்தக் கோழி விஷயத்தைச் சொல்லவில்லை. ஆறு மாதமாக எச்சில், எச்சில் என்று கத்திவிட்டு, இப்போது சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? மனுஷனுக்கு ஒரு பேச்சு வேண்டாமா? அதனால் போனில் பழைய மாதிரியே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். குமட்டுது ராஜகனி, எப்படா வீட்டுக்கு வருவோம்னு இருக்கு என்றேன். அவள் 'ம்' என்றாள்.

வந்தேன். வந்த அன்று மத்தியானம் அவள் சமைத்திருந்ததைச் சொன்னால் இந்தக் கடையில் உட்கார்ந்திருக்க உங்களுக்கே வெட்கமாக இருக்கும். விரால் மீன் குழம்பு, மண்சட்டியில். சுக்கா, சின்ன வெங்காயம் முழுசு முழுசாகப் போட்டு. நெத்திலி வறுவல். மிளகு ரசம். என்னை உட்காரவைத்து, நின்றுகொண்டு பரிமாறினாள். நான் சாப்பிட்டுக்கொண்டே அங்கத்திய கதையெல்லாம் சொன்னேன். டீன் வந்து கையைப் பிடித்ததைச் சொன்னேன், எல்லோரும் ஒரே தட்டில் விழுந்து அள்ளுகிற அசிங்கத்தைச் சொன்னேன். இனி அந்தக் கண்றாவி இல்லை, நம்ம வீட்டுச் சாப்பாடு, நம்ம தட்டு என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். போதும் போதும் என்கிற வரைக்கும் போட்டாள்.

முடிக்கும்போது விராலில் ஒரு நடுத்துண்டை முள் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். அது அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து வைக்கிறேன். எந்தப் புருஷன் வைப்பான் சொல்லுங்கள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தோரோ வாட்டுக்கு வெங்காயம் எப்படி வதக்குவது என்று அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன், எண்ணெயே ஊற்றக்கூடாது, அவசரப்படக்கூடாது, அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கை தண்ணீர் என்று. அவள் கேட்டுக்கொண்டே என் தட்டை எடுத்துப் போய்க் குழாயடியில் போட்டுவிட்டு வந்தாள். அலமாரியைத் திறந்து வேறு ஒரு தட்டை எடுத்து, அலம்பி, சோறு போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.